மாப்பிள்ளைப் பொட்டி

இடிக்குதுங்களா தம்பி? சித்த நகந்துக்கறேன். இந்த ஈரோட்டு பஸ்ல எப்பவும் இப்படித்தானுங்க, ரெண்டு பேரு சீட்டுல ஒண்ணரை ஆளுக்குத்தான் எடம் விட்டிருக்கறாங்க. நீங்களும் ஈரோடுங்களா? நல்லதாப் போச்சு. என்ற பொண்ணு அங்க ஒரு ஆஸ்பத்திரில லேப்புல இருக்கறா. ரத்தம் பாக்கற வேலை. லேடீஸ் ஹாஸ்டல்ல தங்கிக்கிட்டு போய்ட்டு வர்றா. அவளைப் பாக்கத்தான் போறனுங்க.

சத்தமாப் பேசறனுங்களா? முன்னாடி சீட்டுக்காரரு திரும்பிப் பாக்கறாரு பாருங்க. வீட்டுல கத்திக் கத்திப் பழகிப் போச்சு. மெதுவாப் பேசறேன்னுதான் நான் நெனைச்சுட்டிருக்கறேன், அது இப்படித்தான் வருது.

எங்குளுக்குக் கோயமுத்தூர்ல கணபதிங்க. பேனல் பொட்டி செய்யறது தொழில். மில்லுல, மோட்டார் ரூம்புல எல்லாம் செவுத்துல மாட்டியிருப்பாங்கல்லங்க, சாம்பக் கலர்ல, உள்ள சுவிட்சும் ஒயருமா, அந்த இரும்புப் பொட்டி. கீழ கடை, மேல வீடு. நாச்சிமுத்து பொட்டின்னா அந்தப் பக்கம் கேட்டாச் சொல்லுவாங்க. மழை நேராப் பேஞ்சாலும் உள்ள ஒரு சொட்டு எறங்காது.

இன்னிக்கு எங்க பக்கம் கரண்ட் இல்லீங்க. லைன் வேலைன்னு மாசம் ஒருக்கா நிறுத்துவாங்க. காலைல நிறுத்தினாப் பொழுதோடதான் வரும். கரண்ட் போனா மத்தவங்கெல்லாம் வேத்து ஒழுகீட்டு வீட்டுக்குள்ள உக்காந்துக்குவாங்க. நான் அன்னிக்குத்தான் வெளிய வர்றது. மத்த நாள்ல வர முடியாதுங்க. மெஷின் ஓடீட்டிருக்கும்.

என்ன மெஷின்னு கேக்கறீங்க. மடியில வச்சிருக்கற பையைப் பாத்தா உங்குளுக்கே கம்ப்யூட்டர் வேலையாட்டத் தெரியுது, சொன்னாப் புரியும். கிரிப்டோங்க. ஆமாங்க, அதேதான். கம்ப்யூட்டர் ராப்பகலா ஒரு கணக்கைப் போட்டுட்டே கெடக்கோணும், போட்டாக் காசு விழும். காசுன்னாக் கையில புடிக்கற காசு இல்ல. எனக்கு இன்னும் முழுசாப் புடிபடலீங்க. அது புடிபடோணும்னும் இல்ல. காசு மாப்பிள்ளை பாத்துக்கறாரு. எனக்குப் பொட்டிதான்.

மாப்பிள்ளை பேரு தரணீதரன். தங்கமான மனுசனுங்க. குடி கிடி ஒண்ணுங் கெடையாது. கொரலை ஒசத்தி ஒரு வார்த்தை பேச மாட்டாரு. சரவணம்பட்டியில ஒரு கம்பெனில நல்ல வேலையில இருந்தாரு. கல்யாணத்துக்கப்பறம் அதை விட்டுட்டு இதுல முழுசா எறங்கிட்டாரு. என்ற சம்சாரத்துக்கு அதுல கொஞ்சம் வருத்தம். எனக்கு இல்லீங்க. நானும் ஒரு மில்லு வேலையை விட்டுட்டு வந்து கடை போட்டவன்தான்.

அந்த வருசம் ஆடிக்கு பொண்ணையும் மாப்பிள்ளையையும் கூப்பிட்டிருந்தோம். பந்தியில உக்காந்து சாப்பிடறப்பச் சொன்னாரு. "மாமா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும். கார்டெல்லாம் செருப்பு வெக்கற ஸ்டாண்டுல அடுக்கி வச்சிருக்கறனுங்க. தூசு ஏறுது, ஒயரு தொங்குது. நீங்க ஒரு பொட்டி செஞ்சு தர முடியுமா?"

கார்டுங்கறது என்னன்னா, ஒரு செங்கல்லாட்டம் இருக்கும், மேல காத்தாடி வச்சிருக்கும். அதுதான் கணக்குப் போடறது. போன்ல படம் காட்டுனாரு. வெள்ளைக்காரன் ஊர்ல இரும்பு அலமாரியாட்டம் நாலு தூண் நிறுத்தி, அதுல டிராயரு சொருகற மாதிரி பொட்டி பொட்டியா சொருகியிருக்கறாங்க. ரேக்குன்னு பேரு. ஒலகம் பூரா அதுக்கு ஒரே அகலம், பத்தொம்பது இஞ்சு. வெலைக்கு வாங்கறது வீண், நம்ம அளவுக்கு சரியாவும் வராதுன்னாரு. மாப்பிள்ளை வாயைத் தொறந்து எங்கிட்ட ஒண்ணு கேட்டது அதுதான் மொதத் தடவை. மோதரம் கேக்கலை, வண்டி கேக்கலை. பொட்டி கேட்டாரு. எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனைக்கறீங்க?

என்ற பொண்ணு, கோகிலவாணி, பரிமாறீட்டிருந்தா. "அப்பா"ன்னா. என்ன கண்ணுன்னேன். ஒண்ணுமில்லைன்னுட்டு ரசத்தை ஊத்தீட்டுப் போயிட்டா.

மொதப் பொட்டி தப்பாப் போச்சுங்க. சொல்றதுல என்ன இருக்குது. நான் என்ன பண்ணுனேன், நமக்குத் தெரிஞ்ச மாதிரி செஞ்சேன். கனத் தகடு, கதவைச் சுத்தி ரப்பர், பூட்டு. ஒரு எறும்பு உள்ள போக முடியாது. மாப்பிள்ளை வீட்டுல கொண்டுபோய் வச்சு, கார்டை உள்ள மாட்டி, கதவைச் சாத்துனோம். நாங்க ஒரு டீ குடிக்கறதுக்குள்ள எல்லாம் நின்னு போச்சு. தொட்டா கை சுடுது. மாப்பிள்ளை சிரிக்கலை, கோவிக்கலை. "மாமா, இது மூச்சு விடற சாமானுங்க. முன்னாடி காத்து உள்ள போகோணும், பின்னாடி வெளிய வரோணும்"னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. எனக்கு வெக்கமாப் போச்சு. நான் மழைக்குப் பயந்து பொட்டி செஞ்சு பழகுனவன், இது சூட்டுக்குப் பயப்படோணும்.

அன்னிக்குத்தான் அவங்க வீட்டை நல்லாப் பாத்தேன். ரெண்டு ரூம்பு வாடகை வீடு. பெட்ரூம்பு மெஷினுக்கு. ஜன்னலை அட்டை வச்சு அடைச்சு அதுல பெரிய காத்தாடி ஒண்ணு. இவங்க ரெண்டு பேரும் ஹால்ல பாயைப் போட்டுப் படுத்துக்கறது. ஏசி பூரா அந்த ரூம்புக்கு. வாணி கழுத்தெல்லாம் வேக்குரு, ஈரத்துண்டு ஒண்ணைத் தோள்ல போட்டுட்டுத்தான் சமைச்சா. மாப்பிள்ளை ராத்திரி முழிச்சிருந்து பாத்துட்டு பகல்ல தூங்குவாரு. பகல்ல இவ பாக்கோணும். ஸ்கிரீன்ல சூடு இத்தனைன்னு ஒரு நம்பர் வரும், அது ஏறுனா அவரை எழுப்போணும். படிச்சுட்டு ஒரு லேப்புல வேலைக்குப் போயிட்டிருந்தவதான், வீட்டுல ஆளு வேணும்னு நின்னுட்டா. ஊர்க்கோயில் நோம்பிக்குக்கூட வரலீங்க அந்த வருசம். நான் அதையெல்லாம் பாத்துட்டு என்ன நெனைச்சேன்னா, பொட்டி சரியா அமைஞ்சா இந்தச் சூடெல்லாம் அடங்கீரும், புள்ள கஷ்டம் தீந்துரும்னு நெனைச்சேன். அதுக்கப்பறம் வேற ஆர்டரு ஒண்ணும் தொடலீங்க.

இது எந்த ஊரு? அவிநாசிங்களா. அதுக்குள்ள வந்துட்டோமா. கரண்ட் இல்லாத நாள்ல ரோடு கூட வெரசலாப் போவுது.

எங்க விட்டேன்? ஆங். ரெண்டாவது பொட்டிக்கு நான் தகடு வெட்டீட்டிருக்கறப்ப வாணி கடைக்கு வந்தா. தனியா, டவுன் பஸ் ஏறி. காய் வாங்க வந்தேன்னு சொன்னா, கையில பை இல்ல. ஸ்டூலைத் தொடச்சுப் போட்டேன். டீ சொன்னேன். நான் வேலை செய்யறதையே பாத்துட்டு உக்காந்திருந்தா. சின்னதுல இருந்து அவளுக்கு அது புடிக்கும். தகடு மடங்கறப்ப ஒரு சத்தம் வரும், அதுக்குக் காதைப் பொத்திக்குவா, ஆனாப் போக மாட்டா.

அப்பறம் சொன்னா. "அப்பா, அந்தப் பொட்டியை நல்லா செய்யாதீங்க."

எனக்கு வெளங்கலை. "என்ன கண்ணு?"

"சுமாராச் செஞ்சு குடுங்க. சூடு தாங்காம நின்னு நின்னு போச்சுன்னா அவரே விட்டுருவாரு. கம்பெனில திரும்பக் கூப்பிட்டுட்டு இருக்கறாங்க. இப்பப் போனாச் சேத்துக்குவாங்க."

நான் சிரிச்சுட்டேன். என்னங்க பின்ன? "கடையில இருந்து மோசமா ஒரு சாமான் வெளிய போகோணும்ங்கறயா? அதும் மாப்பிள்ளைக்கு? ஊர்க்காரனுக்கே நான் அப்படிச் செஞ்சதில்லையே"ன்னேன்.

"ஊர்க்காரனுக்கு நல்லாச் செய்யுங்க. எனக்கு இது ஒண்ணு மோசமாச் செஞ்சு குடுங்க."

"உனக்கா? உனக்கெதுக்குப் பொட்டி?"ன்னு கேட்டேன். அவ டீயைக் குடிச்சா, டம்ளரை அவளே கழுவி வச்சா. மேல போய் அம்மாவைப் பாத்துட்டுப் போ கண்ணுன்னேன், போகலை. பஸ்ஸுக்கு நேரமாயிருச்சோ என்னமோ.

பொண்ணுங்களுக்கு கல்யாணமான புதுசுல ஒரு மனக்கஷ்டம் வரும் தம்பி. அதையெல்லாம் பெரிசா எடுத்துக்கக் கூடாது. மாப்பிள்ளைகிட்ட நான் அதைச் சொல்லவேயில்லை. இன்னிக்கு வரைக்கும் சொல்லலை.

ரெண்டாவது பொட்டி அமைஞ்சுது பாருங்க. முன்னாடி பூரா வலை, தூசு புடிக்க ஒரு துணி. நடுவுல ஒரு தடுப்பு வச்சேன். காத்து கார்டுக்கு நடுவுல பூந்துதான் போகோணும், சந்துல பொந்துல திரும்பி வந்துரக் கூடாது. அதுதான் சூட்சுமம். சுடுகாத்து திரும்பி முன்னாடி வந்துச்சுன்னா அதையே அது மறுபடியும் குடிக்கும், அப்பறம் சூடு ஏறிக்கிட்டேதான் போவும். ஊதுபத்தி பத்த வச்சு முன்னாடி காட்டிப் பாத்தேன். புகை நூலு புடிச்ச மாதிரி உள்ள போய் அந்தப் பக்கம் வெளிய வருது, ஒரு சுருளு கூட நடுவுல நிக்கலை. என்ற சம்சாரம் ருக்மணி மேல இருந்து எறங்கி வந்து, "கடையில என்ன பூசை?"ன்னு கேட்டா. நீ வந்து பாருன்னேன். பாத்துட்டு, "வாணிக்குச் சொன்னீங்களா?"ன்னா. மாப்பிள்ளைக்குச் சொல்லீட்டேன்னேன்.

நின்னு போகவேயில்லீங்க அது. வெய்யக் காலத்துலயும் ஓடுச்சு. மாப்பிள்ளை படம் புடிச்சு அவரு சேத்திக்காரங்களுக்கெல்லாம் போட்டாரு. எங்க மாமா செஞ்சதுன்னு எழுதி. அந்த நம்பிக்கையில இன்னும் கார்டு வாங்குனாரு. இன்னொரு பொட்டி. அப்பறம் இன்னொண்ணு. அலமாரி நெறைஞ்சுது. நடுவுல ஒரு நாள் அந்தக் காசு கணக்குப் போட்டு விழறது அடியோட நின்னு போச்சு, வேற ஒரு காசுக்கு மாத்தி ஓட்டுனாரு. விட்டுரலாம்னு ஒரு பேச்சு அப்ப வந்துச்சாம், வாணிதான் அம்மாகிட்டச் சொல்லியிருக்கறா. ஆனா மாப்பிள்ளை, "இவ்வளவு நல்லா ஓடறதை எப்படி நிறுத்தறது"ன்னுட்டாராம். நாயந்தானுங்க? ஓடாத வண்டியை விக்கலாம். ஓடற வண்டியை?

வீட்டுக்காரம்மாதான் தகராறு பண்ணுச்சு. செவுத்துல ஒயரு உருகற வாசம் வருது, காலி பண்ணுங்கன்னு. வேற வீடு பாத்தா எவனும் குடுக்க மாட்டேங்கறான். அப்பத்தான் மாப்பிள்ளை கடைக்கு வந்து நின்னாரு. எதுவும் கேக்கலை. சும்மா சுத்திப் பாத்தாரு. "த்ரீ ஃபேஸ் இருக்குதுங்கல்ல மாமா இங்க"ன்னாரு. இருக்குதுங்க மாப்பிள்ளைன்னேன். "எடமும் நல்லா ஒசரம்"னாரு. ஆமாங்கன்னேன். மாப்பிள்ளை வந்து நின்னுட்டு அப்படிச் சொல்றப்ப வேற என்னங்க சொல்றது? முடியாதுங்கற வார்த்தையை அவருகிட்ட எப்படி எடுக்கறது? அது நம்ம பொண்ணு தலையிலதான வந்து விடியும்?

தகடு மடிக்கற மெஷினை எடுத்துட்டு அங்க ரேக்கை நிறுத்துனோம். மெஷினை வித்தாச்சு. இப்ப மடிக்கறதுன்னா வெளிய குடுத்து வாங்கிக்கறேன். பழைய ஆளுங்க ஆர்டரு கேட்டு வந்தா, கொஞ்ச நாளாகட்டுங்கன்னு சொல்லி அனுப்பறேன். அவங்களும் வர்றதைக் கொறைச்சுட்டாங்க. நல்லதுதான், யாரு இருந்து செய்யறது?

மாப்பிள்ளையும் வாணியும் எங்ககூட மேல வந்துட்டாங்க. ருக்மணிக்கு மொதல்ல சந்தோசம். புள்ள வந்துட்டாளேன்னு. வாணியோட பழைய ரூம்பு ரேக்குக்கு நேரா மேலங்க. கீழ சுடுகாத்து அடிச்சு அடிச்சு மேல தரை சுடும். செருப்பில்லாம நிக்க முடியாது. சத்தமும் தரை வழியாவே வரும், கட்டில் கால் நடுங்கும், டம்ளர்ல தண்ணி வச்சா அது சும்மா இருக்காது. வந்த மொத வாரமே ஒரு நாள் நான் சாப்பிட மேல போனப்ப, ரூம்பு வாசப்படியில நின்னுட்டிருந்தா. "அப்பா, இனி நான் எங்க போவேன்?"னு கேட்டா.

"தெக்கால ரூம்புல படுத்துக்க கண்ணு, அங்க அவ்வளவு சூடு இல்ல"ன்னேன்.

என்னையே பாத்தா. பாத்துட்டு, "சரிங்கப்பா"ன்னுட்டு போய்ப் பாயை எடுத்துப் போட்டா. அடம் புடிக்கற புள்ள இல்லீங்க அவ, அப்பவும் இப்பவும்.

கீழ இன்னொரு வேலை இருந்துது. பகல்ல ஸ்கிரீனைப் பாக்கறது. அது நான் பாத்துக்கறேன்னுட்டேன், வாணிக்கு எதுக்குக் கஷ்டம்னு. நெனைச்சுப் பாருங்க, அவளுக்கு அதோட விடுதலைதான? ஆனா அவ அதுக்கப்பறம் எறங்கி வர்றதையே விட்டுட்டா. வாசலுக்குப் போகோணும்னாக் கடை வழியாத்தான் போகோணும், அதனால வெளியவும் போறதில்லை. மாடியில துணி காயப் போடற எடத்துல போய் நின்னுக்குவா. வெய்யல்ல நிக்காத கண்ணுன்னு ருக்மணி கூப்பிடும். "இங்கதாம்மா காத்து வருது"ன்னு சொல்லுவாளாம்.

ஒரு நாள் காலைல நான் ஒரு பொட்டியை வெளிய இழுத்துத் தூசு ஊதீட்டிருந்தேன். காதுல பஞ்சு. அவ படியெறங்கி வந்து வாசல்கிட்ட நின்னா. கையில பை ஒண்ணு. எங்கிட்ட என்னமோ சொன்னா. வாயசையறது தெரியுது, ஒண்ணும் கேக்கலை. மறுபடியும் சொன்னா. நான் அப்பறம் கேட்டுக்கலாம்னு தலையாட்டுனேன். அவ சித்த நேரம் நின்னா. அப்பறம் போயிட்டா.

பொழுதோட வரலை. ருக்மணிகிட்டக் கேட்டேன், எங்க வாணின்னு. ஈரோட்டுல வேலை கெடைச்சிருக்குது, போயிட்டான்னா. எங்கிட்டச் சொல்லாமயான்னேன். "உங்ககிட்டத்தான் வந்து கேட்டா. நீங்க சரின்னு தலையாட்டுனீங்களாமே"ன்னா. என்னடி கேட்டான்னு நானும் பலதடவை கேட்டுட்டேனுங்க. ருக்மணி சொல்ல மாட்டேங்கறா. "தலையாட்டுனவருக்குத் தெரியாதா"ங்கறா. இந்தப் பொம்பளைங்க இப்படித்தான், ஒரு சின்ன விசயத்தைப் புடிச்சுக்குவாங்க.

வேலைக்குப் போறேன்னு கேட்டிருப்பா. வேறென்ன கேக்கப் போறா? அதுக்கு நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்? கேட்டிருந்தாலும் சரின்னுதான சொல்லியிருப்பேன். அப்ப நான் தலையாட்டுனதுல என்ன தப்பு? சொல்லுங்க தம்பி.

அதுக்கப்பறம் அவ போன் பண்ணுனா அம்மாகிட்டத்தான் பேசுவா. ருக்மணி போனை எடுத்துட்டு மாடிக்குப் போயிரும். கீழ அப்பச் சத்தம் பாருங்க, நான் பேசுனா அவளுக்குக் கேக்காது, அதனாலதான். நான் மாடிக்குப் போய்ப் பேசலாம், ஆனா அவ கூப்பிடற நேரம் நான் ரேக்குகிட்ட இருப்பேன்.

மாப்பிள்ளைக்கும் கஷ்டந்தானுங்க. எளைச்சுட்டாரு. நானும் அவரும் எதிரெதிர உக்காந்து சாப்பிடுவோம், அப்ப இருந்த சத்தத்துல ஒண்ணும் பேசிக்க மாட்டோம். எப்பவாச்சும் கை கழுவறப்ப, "வாணி கூப்பிட்டாளா மாமா?"ன்னு கேப்பாரு. அத்தைகிட்டப் பேசியிருப்பாங்கன்னு சொல்லுவேன். அவளும் இவரும் பேசிக்கறாங்களான்னு நான் கேட்டதில்லை. புருசன் பொண்டாட்டி விசயம். ஒரு தடவை மட்டும் அவரே சொன்னாரு. "நிறுத்தீட்டு வான்னு சொல்றா மாமா. நிறுத்தீட்டா இத்தனை வருசம் என்ன பண்ணுனேன்னு யாராச்சும் கேட்டா நான் என்ன சொல்றது?" எனக்கு மனசு தாங்கலை. "நீங்க கவலைப்படாதீங்க, பொட்டி நான் பாத்துக்கறேன்"னேன். பாவம், சின்ன வயசு.

ருக்மணி போன மாசம் ஈரோட்டுக்குப் போனவதான். புள்ளைக்குக் காச்சல்னு. ஹாஸ்டல்ல எப்படி ரெண்டு பேரு இருக்க முடியும், பக்கத்துல ரூம்பு ஒண்ணு எடுத்துட்டாங்களாம். காச்சல் சரியாயிருக்கும் இன்னேரம். வர்றேன்னுதான் சொல்றா. சோறு நானும் மாப்பிள்ளையும் மாத்தி மாத்தி வச்சுக்கறோம்.

அதுக்குத்தானுங்க இப்பப் போறது. வெறுங்கையோட போகலை. இந்தப் போன்ல பாருங்க. இருங்க, இது எங்க அமுக்கறது... ஆங். இதுதான் புதுப் பொட்டி. ரேக்கு மொத்தத்துக்கும் சேத்து வெளிய ஒரு கூடு. ரெட்டைத் தகடு, நடுவுல பஞ்சு மெத்தையாட்டம் ஒண்ணு வருது, சினிமாத் தேட்டர் செவுத்துல ஒட்டுவாங்களாமா, அது. காத்துக்கு மட்டும் வளைஞ்சு வளைஞ்சு வழி விட்டிருக்கறேன். காத்து வளையும், சத்தம் வளையாது. கேளுங்க, காதுகிட்ட வச்சுக் கேளுங்க. ஒண்ணும் கேக்கலைல்ல? போன் ரிப்பேர் இல்லீங்க. சத்தம் இல்ல. உள்ள அத்தனையும் ஓடீட்டிருக்குது. இதைச் செஞ்சு முடிக்க எனக்கு ஒரு மழைக் காலம் பூராப் புடிச்சுது. கடையைத் தாண்டித் தலை வெளிய நீட்டலை.

சத்தமும் சூடும்தான அவளுக்குக் கஷ்டம்? சூடு பின்னாடி சந்துக்குப் போற மாதிரி கொழாய் வச்சுட்டேன். சத்தம் இதோட போச்சு. இதைப் பாத்தான்னா அவ வேண்டாம்னு சொல்ல ஒண்ணுமில்லை. பொட்டியைக் குடுத்தவன் நான், கஷ்டத்தைத் தீக்க வேண்டியவனும் நான்தானுங்களே. பஸ் ஸ்டாண்டுல இருந்து ஆஸ்பத்திரி நடக்கற தூரம்தானாம். மத்தியானம் சோத்து நேரத்துல அவ வெளிய வருவா. அப்பக் காட்டீட்டு, ஒரு டீ குடிச்சுட்டு அடுத்த பஸ்ஸைப் புடிச்சேன்னா கரண்ட் வர்றதுக்குள்ள கடையில இருப்பேன்.

இருங்க, மாப்பிள்ளைதான் கூப்பிடறாரு.

சொல்லுங்க மாப்பிள்ளை... ஆமாங்க, பஸ்ல... இல்லீங்க, ஒரு சோலியா வந்தேன்... வந்துருச்சுங்களா? அதுக்குள்ளயா? பொழுதோடன்னுதான சொன்னாங்க... ஓடுதுங்களா எல்லாம்? எது, கீழ் வரிசையா... நம்பர் எத்தனை காட்டுது?... இல்ல இல்ல, நீங்க தொறக்காதீங்க. இழுத்தீங்கன்னா கொக்கி முறிஞ்சுரும்... ஆமாங்க, தூக்கி எடதுபக்கம் அமுக்கித்தான் இழுக்கோணும், ஆனா அது கைக்குத்தான் தெரியும், சொன்னா வராது... அந்த வரிசையை மட்டும் நிறுத்தி வைங்க. நான் வந்தர்றேன். வந்தர்றனுங்க மாப்பிள்ளை.

லைன் வேலையை இன்னொரு நாளைக்கு மாத்திட்டாங்களாமா. கரண்ட் வந்துருச்சு. ஒரு காத்தாடி சுத்தலையாம்.

இல்லீங்க தம்பி, அவரு படிச்சவருதான், அவரால முடியாதுன்னு இல்ல. ஆனா அந்தக் கதவு நான் எனக்குத் தோதா வச்சது. சத்தம் கசியக் கூடாதுன்னு அவ்வளவு நெருக்கி வச்சிருக்கறேன். வேற எவன் தொட்டாலும் தொறக்காது. அப்படி அமைஞ்சு போச்சு அது. நானே இன்னொரு தடவை செஞ்சாலும் அவ்வளவு சுத்தமா வராது.

இது எந்த ஊருங்க? விஜயமங்கலமா. பெருந்துறையில எறங்குனா கோயமுத்தூர் பஸ் நிக்கும்ல? கண்டக்டர், எனக்குப் பெருந்துறைங்க. ஈரோட்டுக்கு எடுத்த டிக்கெட்டு, பரவாயில்லைங்க, இருக்கட்டும்.

அரை மணி நேரத்துல ஈரோடு வந்துரும்தான். தெரியுதுங்க. அரை மணி நேரத்துல அங்க சூடு எங்க போய் நிக்கும்னு உங்குளுக்குத் தெரியாது தம்பி.

நீங்க போய்ச் சொல்றீங்களா? அதெல்லாம் வேண்டாங்க. நீங்க எந்த ஆஸ்பத்திரின்னு தேடீட்டிருப்பீங்க. அதுவுமில்லாம இந்தப் படத்தை நான் கூட இருந்து காட்டுனாத்தான் சரிப்படும்.

எறங்கோணும், சித்த வழி விடுங்க. நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. அவ காத்துட்டிருக்க மாட்டா. நான் வர்றேன்னு அவகிட்டயும் சொல்லலை, அவங்கம்மாகிட்டயும் சொல்லலைங்க. சொன்னா, வர வேண்டாம்னு சொல்லீருவாளோன்னுதான்.